யாரு சொன்னா அக்கா

எங்கள் வகுப்பில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'யாரு சொன்னா அக்கா.' அவர் காதில் விழும்படியேதான் சொல்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி திகைப்பார்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டி ஒரு சங்கக் கட்டடம். அதன் மாடியில் சனிக்கிழமை காலைகளில் குடும்ப வரலாற்று வகுப்பு நடத்தினார். பதினைந்து பேர் வருவோம். சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி நிற்கும். பழைய ரப்பர்த் தோட்டங்களின் பெயர்ப்பதிவு நகல்கள், தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளின் நகல்கள், கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல்கள், சுடுகாட்டுப் பதிவுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றும் அவரே அலைந்து திரட்டியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பேனா மட்டும் உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பென்சில்கள் வைத்திருப்பார்.

முதல் நாள் மாடியேறிப் போனபோது அவர் ஒரு மாணவி என்று நினைத்தேன். அதுவும் தவறி வந்துவிட்ட ஒருவர் என்று. முகம் சீன முகம். நெற்றியில் குங்குமம், கைத்தறிச் சேலை, காலில் விளையாட்டுக் காலணி. மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. "ஏன் அண்ணே நிக்கிறீங்க, உக்காருங்க. பென்சில் எடுத்துக்கிட்டீங்களா?" என்று அவர் கேட்ட தமிழில் என் தமிழைவிடக் கூடுதல் தெளிவு இருந்தது.

சீனக் குடும்பங்களில் பெண் பிள்ளை அதிகமாகிப் போனால் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இங்கே இருந்தது. அப்படி வந்தவர் அவர். பட்டர்வொர்த்தில் ரயில்பாதை வேலை செய்த ஒருவரின் வீட்டில் வளர்ந்தார். பாசாரில் மீன்காரர் அவரைப் பார்த்ததும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பேச்சைத் தொடங்குவார். இவர் மலாயில், "நான் தமிழ் ஆளுலா, எத்தனை தடவை சொல்றது" என்பார். மீன்காரர் அடுத்த வாரமும் ஹொக்கியனில்தான் தொடங்குவார். இருபது வருடமாக நடந்த சண்டை அது. அதற்காகவே அந்தக் கடையில் மீன் வாங்கினார் என்று நினைக்கிறேன்.

எங்களில் யாராவது "டீச்சர்" என்றால் உடனே திருத்துவார். "நான் டீச்சர் இல்லலா. ஃபேக்டரி கியூசி." பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து உட்கார்ந்து, சில்லுகளைப் பார்த்து, சரி அல்லது தள்ளு என்று முடிவு சொல்லும் வேலை. ஓய்வு பெற்றபின் அந்தக் கண்ணை எங்கள் தாத்தா பாட்டிகள் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் அங்கே போனது பெருமையோடு. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. என் பூட்டனார் இங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். முதல் வகுப்பில் கட்டம் போட்ட தாளில் அவர் பெயருக்குக் கீழே 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று எழுதினேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"யாரு சொன்னா?"

"எங்கப்பா."

"அவரு பாத்தாரா, கேட்டாரா?"

"அப்பா பிறக்கிறதுக்கு முந்தியே பூட்டனார் போயிட்டார். கேட்டதுதான்."

"அப்ப அதுக்குப் பக்கத்துல 'அப்பா கேட்டது'ன்னு எழுதுங்க. பேப்பர் கெடைக்கட்டும், அப்புறம் பேனா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீம்புக்காகவே தேடினேன். நான்கு மாதம் கழித்து பூட்டனாரின் திருமணப் பதிவின் நகல் கிடைத்தது. தொழில் என்ற இடத்தில் 'டிக்கெட் கலெக்டர்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

அதை அக்காவிடம் காட்டும்போது அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார். "டிக்கெட் வாங்கிக் கிழிச்சவரு ஒண்ணும் கொறஞ்சவரு இல்ல அண்ணே. இவ்வளவு நாளா நீங்க வேற யாரையோ பூட்டனாருன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. இப்பத்தான் நெசமான ஆள் வீட்டுக்கு வந்திருக்காரு."

என் தமக்கைக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, உனக்கென்ன விசரே? இருந்த மரியாதையையும் வீணாக் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறாய்!" என்று தொலைபேசியில் கத்தினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த நகலின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் இன்னொருவர் இருந்தார். கான்ட்ராக்டர். வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். வாயில் எப்போதும் பெரிய பேச்சு. ஒருநாள் இரண்டு கை அகலத்துக்கு அச்சடித்த வம்ச வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தமிழ்நாட்டில் யாரோ செய்து கொடுத்தது. உச்சியில் ஒரு சோழ மன்னர் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். அடியில் கோட்டு சூட்டோடு கான்ட்ராக்டரின் படம்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். பாதியில் விரல் நின்றது.

"அண்ணே, இந்த ராஜாவுக்கும் உங்க தாத்தாவோட தாத்தாவுக்கும் நடுவுல எண்ணூறு வருஷம் இருக்கும்போல. அதுல ஒருத்தருமே பொறக்கலயா?"

வகுப்பே சிரித்தது. கான்ட்ராக்டரும் சிரித்துச் சமாளித்தார். "சும்மா இருங்க அக்கா, வீட்டுல மாட்டறதுக்குலா" என்றார். ஆனால் அவருடைய கையால் வரைந்த தாளில், அப்பாவின் ஊர், தொழில் என்ற இடங்கள் எப்போதும் காலியாகவே இருந்தன. நாங்கள் எல்லாரும் அதைக் கவனித்திருந்தோம். அக்கா ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. பொய்யைத்தான் அவர் விரட்டுவார். சொல்லாமல் விட்டதை விட்டுவிடுவார். "தெரியலயா, சொல்லப் பிடிக்கலயா, காலியா விடுங்க. காலிக் கட்டம் யாரையும் ஏமாத்தாது" என்பார்.

அதே கான்ட்ராக்டர்தான் ஒரு சனிக்கிழமை யோசிக்காமல் ஒன்றைக் கேட்டார். "தத்தெடுத்த பிள்ளைங்கள குடும்ப மரத்துல எப்படிச் சேக்கறது? ரத்தம் இல்லையே?"

கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அக்கா வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்.

"ரத்தத்த யாரு பாத்தா அண்ணே? உங்க மரத்துல இருக்கற ஒவ்வொரு அப்பாவையும் நீங்க பரிசோதிச்சீங்களா? நாம எழுதறது யார் வீட்டுல யார் வளந்தாங்கங்கறது. அதுக்குத்தான் சாட்சி கெடைக்கும். வளத்தவங்களுக்கு முழுக் கோடு. பெத்தவங்க தெரிஞ்சா அதுக்கு ஒரு புள்ளிக் கோடு. எழுதிக்குங்க எல்லாரும்."

எழுதிக்கொண்டோம். தேநீர் இடைவேளையில் கான்ட்ராக்டருக்கு அவரே டீ ஊற்றிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

அவருடைய சொந்தத் தாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு எச்சிலை எடுத்து அனுப்பினால் சொந்தக்காரர்கள் யார் யாரென்று சொல்லும் பரிசோதனைகள் வந்துவிட்டன. அதைச் செய்து பாருங்களேன் என்று ஒருமுறை நான் சொன்னேன். "செய்யலாம். எனக்கு எங்கம்மா யாருன்னு தெரியும். மத்தது அவசரம் இல்ல" என்று முடித்துவிட்டார். அவருடைய அம்மா, அதாவது வளர்த்தவர், இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த 'மத்தது' ஒருநாள் அவரைத் தேடி மாடிப்படி ஏறி வந்தது.

வந்தவர் பெயர் லிம். எழுபதை நெருங்கும் மனிதர். பட்டர்வொர்த்தில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். மூச்சு வாங்க நின்று, மலாயில் தன் கதையைச் சொன்னார். அவருக்குப் பின்னால் பிறந்த மூன்றாவது தங்கையை, பிறந்த சில நாட்களிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். வாங்கிப்போனவர் காக்கி உடுப்பு போட்ட அரசாங்க வேலைக்காரர் மாதிரி இருந்தாராம். சீனர் கணக்கில் குரங்கு வருடத்தில் நடந்தது. இப்போது அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்கிறார். பாசார் மீன்காரர் சொல்லித்தான் அக்காவைப் பற்றித் தெரிந்ததாம்.

அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் இருந்ததும் அதே வருடம்தான். பட்டர்வொர்த். காக்கி உடுப்பு. நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது. லிம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு எங்கள் இரண்டாவது தங்கையின் மூக்கு" என்றார்.

அக்கா ஒரு தாளை எடுத்தார். "எந்த மாசம் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

சீனர்களின் ஏழாம் மாதம், ஆகஸ்ட் வாக்கில், பேய்களுக்குப் படையல் போடும் திருவிழாவின்போது, என்றார் லிம். தெருவில் கூத்துமேடை போட்டிருந்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறதாம்.

"என் சூராட் பெரானால பிப்ரவரின்னு இருக்கே."

பிறப்புப் பத்திரத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். லிம் கையை உதறினார். அந்தக் காலத்துப் பத்திரத்தை யார் நம்புவார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதிவார்கள், என்றார். அது உண்மையும்கூட. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குப் பிறந்தநாள் தவறு.

"சரி, பாப்போம். அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார் அக்கா.

லிம் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

அந்த வாரம் அக்கா என்னை ஜெலுத்தோங்கில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டுக்கு வரச்சொன்னார். சாப்பாட்டு மேசையில் பழைய காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். "ஃபேக்டரில ரெண்டாவது கண்ணுன்னு ஒரு விதி உண்டு அண்ணே. ஒருத்தர் பாத்தது போதாது. நான் பாத்தா எனக்குப் பிடிச்சதத்தான் பாப்பேன். நீங்க பாருங்க."

பிடித்தது என்ற சொல்லை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் அவருக்கும் ஆசை இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு ஸ்டூடியோ படம், அக்காவை வளர்த்த குடும்பத்துடையது. நாற்காலியில் தாய், நிற்கும் தந்தை, அவர் பக்கத்தில் ஏழு வயதுப் பையன். தாயின் மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறது. பின்பக்கம் திருப்பினேன். ஸ்டூடியோ முத்திரையில் அந்த வருடத்து ஏப்ரல் மாதம்.

லிம்மின் தங்கை பிறந்ததற்கு நான்கு மாதம் முன்பு.

"முத்திரை தப்பா இருக்கலாம் அக்கா" என்றேன். சொல்லும்போதே என் குரல் கெஞ்சியது. "அடுத்த வருஷத்துப் படமா இருக்கும்."

"எங்கண்ணன் நிக்கிறான் பாருங்க" என்று அந்தப் பையனைத் தொட்டுக் காட்டினார். "அந்த வருஷம் ஆனி மாசம் காய்ச்சல்ல போயிட்டான். இது அவனோட இறப்புப் பத்திரம். அப்ப இந்தப் படம் அதுக்கு முந்தி எடுத்தது. கொழந்தையப் பாருங்க, கீழ ரெண்டு பல்லு. பத்திரம் பொய் சொல்லும். பல்லு பொய் சொல்லாது."

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பல் இருந்தது. லிம் சொன்னதுபோல் அக்காவின் பிறப்புப் பத்திரம் தவறுதான். ஆனால் அவர் பிறந்தது பத்திரம் சொல்வதற்கும் முன்பே.

"அப்ப நான் ஒரு வயசு கூடின கெழவி" என்று சொல்லி அவரே சிரித்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். நான் அந்த நேரத்தில் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படம் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது. இதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

லிம்மும் அதையேதான் சொன்னார். அவருடைய அம்மாவைப் பார்க்க மூவரும் பட்டர்வொர்த் ஃபெரியில் போகும்போது அவரிடம் படத்தைக் காட்டினோம். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன். யாருக்கு நட்டம்?

நானும் லிம்மின் பக்கம்தான். "அக்கா, அந்தம்மா நிம்மதியாப் போயிடுவாங்க" என்றேன்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். "நான் ஆமான்னு சொன்னா அன்னிக்கே தேடறத நிறுத்திடுவாங்க. நெசமான பொண்ணு எங்கயோ இருக்கு அண்ணே. அது எடத்துல நான் போய் உக்காரணுமா?"



அந்தத் தாய் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். எலும்பும் தோலுமான உருவம். அக்காவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி முகத்தைத் தடவினார். காதுமடலைத் தொட்டுப் பார்த்தார். அழுதார். ஹொக்கியனில் விடாமல் ஏதோ சொன்னார். அக்கா தரையில் மண்டியிட்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் அங்கிருந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

அழுகை ஓய்ந்ததும் அக்கா லிம்மைப் பார்க்கவில்லை. அந்தத் தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தானே ஹொக்கியனில் இரண்டு வாக்கியம் சொன்னார். தட்டுத் தடுமாறி, பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல. நான் உங்கள் மகள் இல்லை. உங்கள் மகளை நான் தேடுகிறேன். முந்தின நாள் மீன்காரரிடம் போய், அரை மணி நேரம் நின்று, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். "மகன் வழியாச் சொன்னா பாசத்துல மாத்திச் சொல்லிடுவாரு" என்று பிறகு சொன்னார்.

அந்தத் தாய் கையை விடவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அதைப் பார்த்தபோது எனக்கு அக்காமேல் கோபம் வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. எத்தனை உறுதியாக இருந்தாலும் ஒரு மனுஷி இப்படி இருக்கலாமா என்று நினைத்தேன்.

அக்கா விடவில்லை. தாளையும் பென்சிலையும் எடுத்தார். இப்போது லிம் மொழிபெயர்த்தார். யார் வந்து வாங்கினார்கள்? மருத்துவச்சி அழைத்துவந்த தம்பதி. காக்கி உடுப்பில் என்ன அடையாளம்? சட்டைப்பையில் பேனாவும் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியும் இருந்தன. லிம் நிமிர்ந்தார். அறுபது வருடமாக அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"குழந்தை கூட ஏதாவது கொடுத்து விட்டீங்களா?"

தாய் யோசித்தார். சிவப்புத் தாள், என்றார். பிறந்த நாளும் நேரமும் எழுதி, சீனக்கோயில் ஆளிடம் வாங்கிய தாள். துணிக்குள் சுற்றி வைத்துக் கொடுத்தாராம்.

"என்கூட எந்தத் தாளும் வரல" என்று அக்கா என்னிடம் தமிழில் சொன்னார். "அது வேற பொண்ணுதான். காய்ச்சல் பாக்கற குச்சி வச்சிருந்தவரு ரயில்வே இல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரா இருக்கும்."

தோட்டங்களில் டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பவரை டிரஸர் என்பார்கள். பட்டர்வொர்த்தைச் சுற்றிய கரைப்பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்குக் குறைவில்லை. எந்தத் தோட்டம்?

அடுத்த மாதம் எங்கள் வருடாந்திர ஒன்றுகூடல் வந்தது. பினாங்கு, கெடா பக்கத்திலிருந்து இருநூறு பேர்வரை வருவார்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்ய ஒரு மேசை, பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஒரு மேசை, வாழையிலைச் சாப்பாடு. அந்த வருடம் நுழைவாயிலில் அக்கா ஒரு பெரிய தாளை ஒட்டினார். 'தோட்ட டிரஸர் வீட்டில் வளர்ந்த சீனப் பெண்ணைத் தெரியுமா? குரங்கு வருடம் பிறந்தவர். நேரில் பார்த்தவர் மட்டும் சொல்லவும்.'

காலை முழுவதும் நிறையப் பேர் வந்து கேள்விப்பட்டதைச் சொன்னார்கள். அக்கா நன்றி சொல்லிப் பென்சிலால் குறித்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு கான்ட்ராக்டர் அந்தத் தாள்முன் நிற்பதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றார். மனைவி கூப்பிட்டும் போகவில்லை. பிறகு மேடைக்குப் பக்கத்தில் இருந்த அக்காவிடம் வந்தார். சுற்றி நாங்கள் பத்துப் பேர் இருந்தோம்.

"அக்கா, அந்தப் பொண்ண நான் பாத்திருக்கேன்."

"எங்க அண்ணே?"

"தாசேக் கெலுகோர் பக்கம் தோட்டம். டிரஸர் வீட்டுப் பொண்ணு. லெட்சுமி. எங்கூட ஒண்ணாங்கிளாஸ் படிச்சா."

"நீங்க எப்படி அங்க..."

"நான் அந்த லயத்துலதான் பொறந்தேன்" என்றார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். "எங்கப்பா ரப்பர்ப் பால்மரம் வெட்டினவரு. அம்மா புல்லு வெட்டுனாங்க. சோழராஜாலாம் சும்மாக்கா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி அவர் தோளில் கை வைத்தார். அக்கா தன் பையைத் திறந்து, கான்ட்ராக்டருடைய பழைய தாளை எடுத்து, காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் காட்டினார். கூடவே பேனாவை நீட்டினார். "நீங்களே எழுதுங்க அண்ணே. நேர்ல பாத்தவரு நீங்கதான்."

அவர் எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்தும் போட்டார்.

நான், அக்கா, கான்ட்ராக்டர், லிம் நால்வரும் அடுத்த ஞாயிறு போனோம். தாசேக் கெலுகோரில் மலிவுவிலை வரிசை வீடு. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர் லெட்சுமி. வெயிலில் கறுத்த சீன முகம். கான்ட்ராக்டரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "கீழ் லயத்துப் பையன்தானே நீ? எவ்வளவு பெருத்துட்டே!"

ஆனால் வந்த காரணத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அறுபது வருஷமா எங்க போனாங்களாம்? எங்கப்பன் டிரஸர். எங்காத்தா என்னை மார்ல போட்டு வளத்தா. எனக்கு வேற ஆத்தா வேணாம். டீ குடிச்சுட்டுப் போங்க."

லிம் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அக்கா கையமர்த்தினார்.

"உங்கள வரச்சொல்லிக் கூப்பிட நாங்க வரல லெட்சுமி. எனக்கும் அப்படித்தான், ஒரே அம்மா. உங்ககிட்ட ஒரு சீனத்தாள் இருக்கா, சிவப்பு? அது உங்களோடது. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா படிச்சுச் சொல்ல ஆள் கூட்டிட்டு வந்திருக்கோம். வேணாம்னா கெளம்பறோம்."

லெட்சுமி உள்ளே போனார். சாமி அறையில் குங்குமச் சிமிழ், பழைய தாலிச்சரடு எல்லாம் வைத்திருந்த தகரப்பெட்டியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். மடிப்புகளில் கிழிந்து, நிறம் மங்கி, செங்கல் நிறமாகியிருந்தது. "ஆத்தா இத எறியாதேன்னு சொல்லிட்டுச் செத்தா. என்னன்னு அவளுக்கும் தெரியாது."

லிம் அதை வாங்கிப் படித்தார். ஏழாம் மாதம், பதினோராம் நாள், விடியற்காலை. கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கிறது என்றார். சியூ லான். லான் என்றால் ஆர்க்கிட் பூ.

"பேரா?" என்று லெட்சுமி கேட்டார். "குடுத்துடப் போற பிள்ளைக்குப் பேரு வச்சாளா?"

தாளைத் திரும்ப வாங்கி, மடிப்பை நீவி, மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார், வருகிறேன் என்று.

பட்டர்வொர்த் வீட்டில் அன்றைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. லெட்சுமி மகளோடும் மருமகனோடும் வந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். அந்தத் தாய் இந்தமுறை அழவில்லை. ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா. சிவப்புத் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளின் உள்ளங்கையை விரித்து, காய்த்துப்போன இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. லெட்சுமி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கிழவியின் நெற்றியில் வழிந்த முடியைத் தன்னையறியாமல் ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. லிம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அக்காவைத் தேடினேன். வாசற்படியில் செருப்புகளுக்கு நடுவே நின்று, தன் குறிப்பேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். இனிமேல் இது அவருடைய காரியம் இல்லை என்பதுபோல. அவர்மேல் நான் கொண்ட கோபம் எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து தாய் எதையோ கேட்டார். லிம் வந்து அக்காவைக் கூட்டிப் போனார். கிழவி அக்காவைத் தன்னருகே இழுத்து, முகத்தை உற்றுப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியானால் இவள் யாருடைய மகள் என்று கேட்கிறார்" என்றார் லிம்.

ஊருக்கெல்லாம் கட்டம் நிரப்பியவரைப் பார்த்து இதைக் கேட்கலாமா? அக்கா தயங்கவே இல்லை. ஃபேக்டரியில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"செல்லம்மா மக. இதே பட்டர்வொர்த்துதான். ரயில்வே குவார்ட்டர்ஸ்."

லிம் அதை ஹொக்கியனில் சொன்னார். கிழவி அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். சே லாம் மா. சே லாம் மா. பிறகு தலையாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"அந்தம்மா நல்லா வளர்த்திருக்கிறார் என்கிறார்" என்றார் லிம்.

"ஆமா" என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். லெட்சுமி நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் இடம் விட்டார். அக்கா போய் உட்கார்ந்தார்.